கைக்குழந்தைக்குக் கப்பலில் இடம் போடலாமா?

நாயுடுபேட்டை கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் கடலைப் பார்க்காத ஊர். சந்திரகிரி மலைப்பக்கம் பிறந்து, திருப்பதியையும் காளஹஸ்தியையும் தொட்டுக்கொண்டு வரும் சுவர்ணமுகி ஆறு இந்த ஊரைத் தாண்டித்தான் வங்கக் கடலில் சேர்கிறது. ஊர்க்காரர்களின் போக்குவரத்தோ வேறு திசைகளில். மேற்கே காளஹஸ்தி, திருப்பதி. தெற்கே சூளூர்பேட்டை, சென்னை. வடக்கே கூடூர், நெல்லூர். 2022 ஏப்ரல் 4 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், அன்று பிறந்த திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வாழும் குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு நெல் வியாபாரிக் குடும்பம் தை மாதத்தில் ஒரு நாள் காரில் சென்னைக்குக் கிளம்பியது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், நான்கு மாதக் கைக்குழந்தை.

தாத்தாவுக்கு எழுபது நிறைகிறது. திருக்கடையூரில் பீமரத சாந்தி முடிந்த கையோடு எல்லோரும் கப்பலில் இலங்கையைச் சுற்றி வரவேண்டும் என்பது சிங்கப்பூரில் இருக்கும் மகளின் ஆசை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனில் விடுமுறை. சென்னையில் கப்பல் சுற்றுலா களைகட்டுவதும் ஜூனில்தான். அப்போது குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். குழந்தை மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, துறைமுகப் பக்கம் போய் விசாரித்து, பிறகு டிக்கெட் போடுவதாக ஏற்பாடு.

"ஆறு மாசம் ஆனா ஏத்திக்குவாங்களாம் அத்தை" என்றாள் மருமகள்.

"ஏத்திக்குவாங்க, சரி. நடுக்கடல்ல பிள்ளைக்கு ஜுரம் வந்தா இறக்கி விடுவாங்களா?" என்றார் பாட்டி.

அன்றைய பயணம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் நடந்தது.

தொரவாரிசத்திரம் வந்ததும் கார் நெடுஞ்சாலையை விட்டு நேலப்பட்டுக்குத் திரும்பியது. 1976இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கூழைக்கடாக்களின் கூடுகள். கிளை தெரியாத அளவுக்கு வெள்ளையும் சாம்பலும். இந்தியாவில் கூழைக்கடாக்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களில் நேலப்பட்டு முக்கியமானது. ஐப்பசி வாக்கில் வருகிற பறவைகள் குஞ்சுகளைப் பறக்கவைத்துக் கூட்டிக்கொண்டுதான் ஏரியை விட்டுப் போகும். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் சுற்றுவட்டார விவசாயிகள் இவற்றை விரட்டுவதில்லை.

கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பார்த்தால் ஒரு கூடு நன்றாகத் தெரிந்தது. தாய்ப்பறவை அலகை அகலத் திறக்க, குஞ்சு தலையைக் கழுத்துவரை உள்ளே நுழைத்துத் தொண்டைப்பையில் இருந்த மீனைத் தேடியது. தாய் தள்ளாடியது, கிளையும் ஆடியது. குஞ்சு விடவில்லை. மருமகள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவள் கேட்ட கேள்வி அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கேட்காதது. "கப்பல்ல கேழ்வரகுக் கஞ்சியை எங்க காய்ச்சுறது?"

சின்னக் கேள்வியாகத் தெரியலாம். கைக்குழந்தையோடு கப்பலேறும் விஷயத்தின் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அந்த வயதில் குழந்தையின் சாப்பாடு தாயோடு கூடவே வருகிறது. ஆனால் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்கள், பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆக, கப்பல் அனுமதிக்கும் வயதும், குழந்தை கஞ்சி, பருப்புச் சாதம் என்று வெளிச்சாப்பாட்டுக்கு மாறும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. தீ விபத்துக்குப் பயந்து மின்சாரக் கெட்டில், அடுப்பு எதையும் அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது கப்பல்களில் பரவலான விதி. பால்புட்டியைக் கொதிக்கவைக்க வேண்டுமானாலும் ஊழியரிடம்தான் வெந்நீர் கேட்க வேண்டும். குழந்தைக்குப் பழகிய பால்பவுடர் கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அடுத்த துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கும் தப்பலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டிலியா கப்பலின் வழியில் புதுச்சேரியும் இருந்தது. கரையேற அரசு அனுமதி தராததால் பயணிகள் அங்கே இறங்காமலேயே திரும்பினார்கள்.

சூளூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையில் இருக்கிறாள் செங்காளம்மன். இங்கே வாசற்கதவை இரவிலும் அடைக்கும் வழக்கமில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் முன்பு இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிட்டுப் போவது செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். கோயில் வாசலில் கைக்குழந்தைகளோடு வந்திருந்த தாய்மார்கள் பலர். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் வசம்பு வளையல். பாட்டியும் பேரனின் நெற்றியில் குங்குமம் இட்டு, அம்மனிடம் பொதுவாக வேண்டாமல் நேராகவே கேட்டார்: "கப்பல்ல போலாமா, வேண்டாமா, நீயே சொல்லு தாயி."

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. அடுத்தது 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. எல்லாம் சரியாக இருந்தாலும் வானிலை ஒத்துவராவிட்டால் ஏவுதலைத் தள்ளிவைக்கும் ஊர் இது. அப்படித் தள்ளிவைத்ததை இங்கே யாரும் தோல்வி என்று பேசுவதில்லை.

சூளூர்பேட்டையிலிருந்து ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, கடலோடு கலக்கும் முக்கிய முகத்துவாரமும் பழவேற்காடு ஊரும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தடா, ஆரம்பாக்கம் தாண்டி, பொன்னேரி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அந்த ஊரை அடைய வேண்டும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒழுங்காக இருக்கிறது. அதன் நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். துணி வியாபாரத்தால் பெயர் பெற்ற இந்தத் துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் அடிமைகளாக மனிதர்களும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அன்று கரையில் நின்றவர்களிடம் போகலாமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் மீன் ஏலம் முடிந்திருந்தது. "பிள்ளைக்குப் பழக்கப்படுத்திப் பார்க்கலாமே, ஒரு படகுல ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றார் தாத்தா. மகன் உடனே மறுத்துவிட்டான். அவன் மறுத்தது முற்றிலும் நியாயம். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு முகத்துவாரத்துக்கு அருகே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. யாருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லை. அதன் பிறகு இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

பெரிய கப்பல் என்றால் பயம், சின்னப் படகு என்றால் சும்மா ஒரு ரவுண்டு. நம் ஊர்களில் ஆபத்தை இப்படித்தான் தலைகீழாக அளக்கிறோம். 24 மணி நேரத்துக்கு மேல் போகும் பயணிகள் கப்பலில், ஏறியிருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கி இருந்தாக வேண்டும் என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. கப்பல் கிளம்பும் முன் அவசரகாலப் பயிற்சியும் கட்டாயம். கடலில் விழுவது, கப்பல் கவிழ்வது போன்ற பயங்களைப் பெற்றோர் ஓரமாக வைத்துவிடலாம். பயப்பட வேண்டியவை வேறு. அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை.

சென்னையில் குழந்தை மருத்துவர் அவற்றைத்தான் விளக்கினார். அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் முடிந்துவிடுகிறது. தட்டம்மை-ரூபெல்லாவுக்கான முதல் ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகு. இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முதல் ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரமாவது ஆகும். ஜூனில் ஒன்பது மாதம் முடிந்த கையோடு கப்பலேறினால், ஆயிரக்கணக்கானோர் ஒரே கூடத்தில் சாப்பிடும் இடத்துக்கு அரைகுறைப் பாதுகாப்போடு குழந்தையைக் கொண்டுபோவதாக ஆகும். கப்பல்களில் அடிக்கடி பேசப்படும் நோரோ வைரஸ் வேறு இருக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் போய்விடும். கைக்குழந்தைக்கு அதே நோய் சில மணி நேரத்தில் உடம்பு நீரை வற்றடித்துவிடும். கைக்குத் தடவிக்கொள்ளும் சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார், அவசர சிகிச்சை தருவார். ஆனால் குழந்தை மருத்துவரோ, பச்சிளம் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவோ அங்கே இருக்காது.

பாட்டி ஆவலோடு கேட்டது கடல் மயக்கத்தைப் பற்றி. அதற்கு ஆறுதலான பதில் கிடைத்தது: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண மயக்கம் வருவது அரிது. பிரச்சினை தாய்க்குத்தான். அவள் தலை தூக்க முடியாமல் படுத்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது, பால் யார் கொடுப்பது? பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் அவோமின் மாதிரி மாத்திரையை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரவே கூடாது என்பதையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

துறைமுகம் போகும் வழியில் ராஜாஜி சாலை. அந்தமான் கப்பலுக்கு டிக்கெட் வாங்க வருகிறவர்களுக்குப் பழகிய தெரு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் மூன்று நாள் கடல் பயணம், எம்.வி. நான்கவுரி, எம்.வி. ஸ்வராஜ் தீப் போன்ற கப்பல்களில் பங்க் வகுப்பில் அடுக்குப் படுக்கைகளில் பல குடும்பங்கள் ஒன்றாகப் போகும். அந்தமான் தமிழர்களுக்கு இது பேருந்துப் பயணம் மாதிரி. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தவர்கள் கைக்குழந்தையோடு இதே வழியில் திரும்பியிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ராஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதில் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றைய மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களில் பலர். பிறகு வந்தது எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அந்தக் கடல்வழியே மூடிப்போனது. பாட்டியின் அக்கா சிதம்பரம் கப்பலில் கைக்குழந்தையோடு சிங்கப்பூர் போனவர். "அவ போனாளே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இந்த இடத்தில் தாத்தா வாதாடினார். பாட்டியிடம் அதற்கு உடனே பதில் இருந்தது. "அவளுக்கு வேற வழி இல்ல. மச்சான் அங்க இருந்தாரு, போயித்தான் ஆகணும். நமக்கு என்ன வந்தது?"

பாட்டி சொன்னதை இந்த மண்ணின் பழைய கதையோடு சேர்த்துப் பார்க்கலாம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று டர்பனில் சேர்ந்தபோது அதில் 342 பேர். குடும்பங்களும் குழந்தைகளும் அடக்கம். பின்னாலேயே அடுத்தடுத்துக் கப்பல்கள் போயின. பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று வரிசையாக எழுதிய அந்தக் கப்பல் பட்டியல்களில் வட ஆற்காடு ஜில்லா திரும்பத் திரும்ப வருகிறது. 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். பஞ்சமும் கடனும் துரத்தியவர்கள் பாலூட்டும் குழந்தையை விட்டுவிட்டா போக முடியும்? அந்தக் காலக் கப்பல்களில் சீதபேதியும் அம்மையும் முதலில் கைவைத்தது பிள்ளைகள் மீதுதான். இன்று தடுப்பூசி இருக்கிறது, சுத்தமான குடிநீர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, போகாமல் இருக்கும் வசதி இருக்கிறது. அந்தத் தாய்மார்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

சென்னைத் துறைமுகமே ஒருகாலத்தில் இல்லை. 1870களில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கும்வரை, கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சும். கரையிலிருந்து மசூலாப் படகில் ஏறி அலைகளைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைப் படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். கட்டிய துறைமுகத்தையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப்போட்டது. வங்கக் கடல் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர் பட்டுத்தான் படித்திருக்கிறது.

மாதம் முக்கியம். 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்கு முதல் சர்வதேச உல்லாசக் கப்பலாகப் புறப்பட்ட கார்டிலியாவின் எம்பிரஸ், 1990இல் பிரான்சில் கட்டியது. நீளம் 210 மீட்டருக்கு மேல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பது வழி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அம்பாந்தோட்டைப் பக்கத் தென்கரையில் நேரடியாக மோதும்; அதே மாதத்தில் திருகோணமலைக் கடல் குளம் போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறி, கிழக்குக் கரைக்குப் புயல் பருவம் வந்துவிடும். இலங்கையைச் சுற்றும் பயணத்தில் ஏதாவது ஒரு பக்கம் அலை இருந்தே தீரும்.

கப்பலுக்குள் குழந்தைக்கு என்ன இருக்கிறது? கேட்டு வாங்கினால் தொட்டில் கிடைக்கும். டயப்பர் கட்டிய குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறக்க விடுவதில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக் கூடம் பொதுவாக மூன்று வயதுக்கு மேல்தான். இலங்கை போக நான்கு மாதக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். முகம் மாறிக்கொண்டே இருக்கும் வயதில் எடுத்த படத்தோடு அது ஐந்து வருடம் செல்லும். இரவு ஆட்டம் பாட்டம் நடக்கும்போது அறைக்குள் குழந்தையோடு யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது எந்தக் குடும்பத்திலும் எழுதாமலே தெரிந்த விஷயம். பாட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம் பறிபோகும், இல்லாவிட்டால் மருமகளுக்கு.

இதைச் சொன்னபோது தாத்தாவின் முகம் மாறியது. பேரனைக் கப்பல் மேல்தளத்தில் தூக்கிவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. ஒன்பது மாதக் குழந்தைக்கு அந்தக் கடல் நினைவில் நிற்காது, தாத்தாவுக்கு நிற்கும். பெரியவரின் ஆசையை அற்பமாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு வருடம் பொறுக்கலாம். அதற்குள் இரண்டாவது தட்டம்மை ஊசியும் போட்டு முடித்திருப்பார்கள், குழந்தை இட்லியும் ரசம் சாதமும் சாப்பிடும், எங்கே வலிக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்லும்.

கட்டாயம் இல்லாத பயணத்துக்கு, ஒரு வயது நிறையாத குழந்தையைக் கரையிலிருந்து நாள்கணக்கில் விலகிப் போகும் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்பதுதான் இந்த விஷயத்தில் சொல்ல முடிந்த நேர்மையான பதில். போயே தீர வேண்டுமென்றால் ஓரிரண்டு இரவுப் பயணமாக, தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் கழிந்த பிறகு, தாய்க்குத் துணையாக இன்னொரு பெண்மணியோடு, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பழகிய உணவும் எடுத்துக்கொண்டு போகலாம். கப்பல் நிறுவனங்களும் கைக்குழந்தைக்கு வெந்நீர், தொட்டில், மருத்துவ வசதி என்னென்ன உண்டு, என்னென்ன இல்லை என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தரட்டும்.

நாயுடுபேட்டைக் குடும்பம் அன்று டிக்கெட் போடவில்லை. சிங்கப்பூர் மகளுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னது மருமகள்தான். கப்பல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. வருகிற ஜூனில் எல்லோரும் சேர்ந்து திருமலைக்குப் போகிறார்கள். கல்யாணகட்டாவில் பேரனுக்கு முதல் முடி இறக்கப்போகிறார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பெற்றோருக்குச் சுபதம் நுழைவாயில் வழியாகத் தரிசனத்துக்குத் தனி அனுமதி உண்டு. அதற்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.